மேளம் அடிக்காத மலை

சிவசக்தியைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் தோட்டத்தில் எல்லோரும் முதலில் சொல்வது அந்தச் செருப்புக் கதையைத்தான். ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவள் பிள்ளைக்காம்பரா பார்க்கிறவள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுப் போகிற கைக்குழந்தைகளெல்லாம் அவள் பொறுப்பு. ஒருநாள் தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையின் மனைவி செருப்போடு உள்ளே காலெடுத்து வைத்துவிட்டார். "கழட்டிட்டு வாங்கம்மா, புள்ளைங்க தவழ்ற எடம்" என்று வாசலிலேயே மறித்துவிட்டாள். அந்த அம்மாவும் கழற்றிவிட்டுத்தான் வந்தார். தனக்குச் சரியென்று பட்டதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காத பெண் அவள். ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தாள், அதுவும் எனக்காக. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நிமலன். பத்தாம் வகுப்புவரை அவளும் நானும் ஒன்றாகப் படித்தோம். பிறகு நான் பதுளைக்குப் போய் கம்ப்யூட்டர் படித்து, ஒரு போன் கடையின் மாடியில் உட்கார்ந்து சின்னச் சின்ன ஆப் செய்துகொடுத்துப் பிழைக்கிறேன். அவள் தோட்டத்திலேயே இருந்தாள். பிள்ளைக்காம்பரா வாசலில் மழைமானி ஒன்று நட்டிருக்கிறார்கள். அதில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டினால், மண் சரியுமுன் மேல் லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கிற இருபது வீட்டையும் தட்டி ஆட்களை வெளியேற்றுவதும் அவள் வேலைதான்.

"யாரும் எந்திரிக்க மாட்டேங்கிறாங்க நிமலன். ரெண்டு தடவ ஒன்னும் நடக்கல, இப்ப என்னயப் பாத்துச் சிரிக்கிறாங்க" என்றாள் ஒருநாள். "மண்ணு சரியிறதுக்கு முன்னால அடையாளம் தெரியும். அதப் பாக்கச் சின்னதுல இருந்தே பழக்கணும். போன்ல ஒரு வெளையாட்டு செஞ்சு குடு."

செய்தோம். மூன்று மாதம் ஞாயிறு தோறும் பஸ் ஏறிப் போனேன். அவள் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். 'கலங்கல்' என்று பெயர் வைத்தாள். திரையில் ஒரு லயத்து வீடு, மழை, பக்கத்தில் பீலிக் குழாயிலிருந்து விழுகிற ஊற்றுத் தண்ணீர். வேறொன்றும் இல்லை. கவனித்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கதவு சட்டத்தில் இறுக ஆரம்பிக்கும். முற்றத்தில் மயிரளவு வெடிப்பு விழும். கடைசியில் பீலித் தண்ணீர் செம்மண் நிறமாகும். அதற்குள் வெளியேறிவிட வேண்டும், கையில் எதையும் எடுக்காமல். பிந்தினால் திரை இருண்டுவிடும். மறுநாள் வரை திறக்காது. நேரத்துக்கு வெளியேறினால் 'எல்லோரும் இருக்கிறார்கள்' என்று ஒரே ஒரு வரி வரும். அந்த வரி அவள் எழுதியது. அதைவிட நல்ல விளையாட்டை நான் இன்றுவரை செய்யவில்லை.

அதை மொத்தம் பதினொரு பேர் விளையாடினார்கள். மேல் லயத்துப் பிள்ளைகள் மட்டும்.

சிவசக்திக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. இரவல் வாங்கிய போனில் விளையாடுகிற பதினொரு பிள்ளைகளுக்காகவா மூன்று மாதம் என்று எரிச்சல். பதுளைப் பையன்களிடம் காட்டினேன். "என்னண்ணே, ஒன்னுமே நடக்கல" என்று தள்ளிவிட்டார்கள். மானம் போய்விட்டது. அந்த வாரமே ஓடுகிற ஆளைச் சேர்த்தேன். உருண்டு வரும் பாறைகளைச் சேர்த்தேன். வீட்டுச் சாமான் எடுத்தால் நட்சத்திரம்: கோழிக்கு ஒன்று, புத்தகப்பைக்கு ஒன்று, டிவிக்கு மூன்று. மாட்டிக்கொண்டால் ஒரு விளம்பரம் பார்த்தால் உயிர் திரும்பும். எல்லாவற்றுக்கும் மேலே, மலை சரிவதற்குப் பத்து நொடி முன்னால் உறுமி மேளம். எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் நானே போனில் பதிந்தது. பெயரையும் 'மலையோட்டம்' என்று மாற்றினேன்.

சிவசக்தியிடம் காட்டினேன். கடைசிவரை பார்த்துவிட்டு, "மல என்ன, மேளம் அடிச்சுக்கிட்டா வரும்?" என்று கேட்டாள்.

"அது இல்லாட்டி எவனும் வெளையாட மாட்டான் சக்தி. பதினோரு பேரு வெளையாடுற நல்ல கேமால யாருக்கு என்ன? ஒரு லட்சம் பேரு வெளையாடினா, அதுல ஆயிரம் புள்ளைங்களாவது பீலியப் பாத்துப் பழகும்ல?"

போனை வாங்கி இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். அவள் மனதில் எந்தக் கணக்கு ஓடியது என்று எனக்குத் தெரியும். ஹாலிஎலவில், அப்புத்தளையில், மலையடியில் இருக்கிற அத்தனை லயத்துப் பிள்ளைகளையும் நினைத்தாள். "பீலிய மட்டும் எடுத்துறாத" என்றாள். சத்தியம் செய்தேன். அவள் விட்டுக்கொடுத்தாள்.

அது பரவிய வேகம் எனக்கே நம்பமுடியவில்லை. பஸ்ஸில், டியூஷன் வாசலில், எங்கே போனாலும் என் மேளம் கேட்டது. ஊரில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பீலி கலங்கும் இடம் வரும்போது நிறையப் பேர் விட்டுப் போனார்கள். ஓட்டம் நின்று மூன்று நொடி சும்மா பார்க்கவேண்டிய இடம் அது. அதை இரண்டு நொடியாக்கினேன். பிறகு ஒன்று. ஒருநாள் சாயங்காலம் மொத்தமாகவே எடுத்துவிட்டேன். ஆட்கள் கூடினார்கள். அவளிடம் நான் சொல்லவில்லை. முதல் திரையில் 'எண்ணம்: சிவசக்தி' என்று அவள் பெயரை மட்டும் விட்டுவைத்தேன். அதைப் பெரிய பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன், வெட்கங்கெட்டவன்.

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் மத்தியானம் மழைமானி சிவப்பைத் தாண்டியது. சிவசக்தி குடையில்லாமல் ஓடிப்போய் இருபது கதவையும் தட்டினாள். பீலித் தண்ணீர் செம்மண்ணாக வருவதைக் காட்டினாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கீழே பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். அவள் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லித் தலை எண்ணினாள். ஒருத்தி குறைந்தாள். சிவசக்தியின் அண்ணன் மகள் லதுஷா, ஒன்பது வயது; பாதி வழியில் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள்.

சிவசக்தி திரும்ப ஏறி ஓடினாள். லதுஷா வீட்டுக்குள்ளே டிவியின் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தாளாம். சிவசக்தி அவளை இழுத்து வெளியே தள்ளிவிட்டாள். பிள்ளை தப்பியது. அதற்குள் மண் சரிந்து, பின்சுவர் சிவசக்தியின் காலில் சாய்ந்தது.

நாலாம் நாள்தான் எனக்குப் பார்க்கப் போகத் துணிவு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வை வலது முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. நான் அங்கே பார்க்காமலிருக்கப் பார்த்தேன். முடியவில்லை. கால்மாட்டில் லதுஷா இருந்தாள்.

"ஏன் புள்ள திரும்பிப் போன?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"டிவிக்குத்தானே மாமா மூணு நட்சத்திரம்" என்றாள். பயமோ குறையோ இல்லாத குரல். "அத்தே கத்துனாங்க. நான்தான் நேரமிருக்குன்னு சொன்னேன். மேளம் அடிக்கவே இல்லியே மாமா. ஒங்க கேமுல அடிக்குமே."

சிவசக்தி பிள்ளையைத் தண்ணீர் பிடித்துவர அனுப்பினாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குத்தான் போயிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"பீலிய எப்ப எடுத்த?"

"ஆடியில."

"எம் பேர எடுத்துரு" என்றாள்.

"கேமையே எடுத்துட்டேன் சக்தி. நேத்தே. இனிமே யாரும் புதுசா எறக்க முடியாது."

"ஏற்கனவே எறக்குன போன்ல?"

"அதுல... இருக்கும். அத என்னால அழிக்க முடியாது."

"எத்தன பேரு?"

ஒரு காலத்தில் அந்த எண்ணை யாராவது கேட்கமாட்டார்களா என்று அலைந்தவன் நான். இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஒரு லட்சத்துக்கு மேல" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே பதுளை மலைகளில் மறுபடியும் மழை இறங்கிக்கொண்டிருந்தது. சிவசக்தி அதையே பார்த்தாள்.

"அப்ப அத்தன புள்ளைங்களும் மேளத்துக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கும்" என்றாள்.