சூடேறாத வண்டியும் ரயில்வே கேட்டும்

அந்த மார்கழியில் என் கார் தினமும் காலையில் எங்காவது ஓரிடத்தில் நின்றுவிடும். எங்கே என்பதுதான் தெரியாது. மூன்று கை மாறி எங்களிடம் வந்த பழைய வண்டி. கிளம்பி முதல் அரை மணி நேரம் உதறிக்கொண்டே ஓடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும். சென்னையில் அப்படியென்ன குளிர் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பெருங்களத்தூர் ரயில்வே கேட்டைத் தாண்டி மகளைப் பள்ளியில் விட வேண்டியவள் நான்.

நடுத் தண்டவாளத்தில் நின்றுபோனால்? அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். நான்காவது படிக்கும் மகளைக் கேட்டுக்கு முன்னாலேயே இறக்கிவிடுவேன். அவள் கூட்டத்தோடு நடந்து கடந்து, அந்தப் பக்கம் பூக்கடையருகே நிற்பாள். நான் தனியாக வண்டியைக் கடத்திக்கொண்டு போய் அவளை ஏற்றிக்கொள்வேன். கணவரிடம் இதைச் சொல்லவில்லை. விடியும்போதே கம்பெனி பஸ்ஸில் சிறுசேரிக்குப் போய்விடுகிறவர். சொன்னால் வண்டியை விற்றுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

ஒரு திங்கட்கிழமை நடந்தேவிட்டது. முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறியதும் எஞ்சின் அணைந்தது. சாவியைத் திருகத் திருக முனகியதே தவிர பிடிக்கவில்லை. கேட் மூடப்போகிற மணி அடிக்க ஆரம்பித்தது.

"இன்னாம்மா பாத்துகினு கீற, நியூட்ரல்ல போடு!" என்று மீன்கூடையோடு வந்த ஒரு பெண் கத்தினாள். நாலைந்து பேர் தள்ளி அந்தப் பக்கம் சேர்த்தார்கள். ரயில் போன பிறகு மறுபடி சாவியைத் திருகினேன், பிடித்தது; பூக்கடையருகே நின்ற மகளை ஏற்றிப் பள்ளியில் விட்டேன்.

அன்றைக்கே ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, தாம்பரத்தில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் ஏற்கெனவே பிளக் மாற்றியிருந்தார், கார்புரேட்டரை இரண்டு தடவை கழுவியிருந்தார். இந்தத் தடவை எதையும் கழற்றாமல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "ஓட்டுங்கக்கா" என்றார். கேம்ப் ரோடு முழுக்கச் சுற்றினோம்.

"அர மணியா ஓடிகினு கீது, டெம்பரேச்சர் முள்ளு இன்னாக்கா கீழயே கீது?"

"நல்லதுதானே பாய்? சூடே ஆகறதில்ல" என்றேன், பெருமையாக.

அவர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி பானட்டைத் திறந்தார். ரேடியேட்டருக்குப் போகும் குழாயை வெறுங்கையால் பிடித்துக் காட்டினார். "பாருங்க, கை வெக்க முடியுது. எஞ்சின் சூடானாத்தானே ஒழுங்கா ஓடும்? இந்தக் குழாய் வாயில ஒரு வால்வு இருக்கணும், தண்ணி சூடாவுற வரைக்கும் மூடியே இருக்கும். அதையே காணோம். ஃபேனு வேற எந்நேரமும் ஓடுது. எவன்கா கழட்டுனது?"

நான்தான் கழற்றச் சொன்னேன். சித்திரை வெயிலில் பல்லாவரத்தில் ஒருமுறை ஆவி கிளம்பியதில் பயந்துபோய், வேறொரு பட்டறையில் விட்டிருந்தேன். நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதற்கு, எல்லாரும் கழற்றிவிடுகிறார்கள், ஃபேனையும் எந்நேரமும் ஓடும்படி மாற்றிவிடலாம் என்றார்கள்; சரி என்றேன். எல்லாரும் செய்கிறார்கள் என்றால் எனக்கு யோசனையே வராது. சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனவள் நான். பாயிடம் அதைச் சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

அவர் புது வால்வு போட்டு, ஃபேனையும் பழையபடி சூடேறினால் மட்டும் சுற்றும்படி மாற்றிக் கொடுத்தார். மறுநாள் காலை முள் மெல்ல ஏறிப் பாதியில் நின்றது. உதறல் இல்லை. ஆனாலும் கேட்டருகே ஓரங்கட்டி, "இறங்குடா" என்றேன்.

மகள் இறங்கவில்லை. பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"வண்டிதான் சரியாயிடுச்சே?"

"ஆயிடுச்சு. எதுக்கும் இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"நீ கிராஸ் பண்றப்ப டெய்லி நான் கண்ண மூடிப்பேன். நீ வந்து ஹாரன் அடிச்சாதான் தொறப்பேன். உனக்கு மட்டும் ஏதாவது ஆனா பரவால்லியாம்மா?"

பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அவள் பக்கத்துக் கதவைப் பூட்டிவிட்டு முதல் கியரைப் போட்டேன்.