ஓடையை விட்டு விலகிய உப்பூற்று

நீலகிரி மலையில், பிக்கட்டிக்குப் போகும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. சாலையோரக் கேரட் தோட்டத்தில் ஓஸ் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சும் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறேன். பெயர் சாந்தி. பக்கத்து ஓடையிலேயே சொம்பை முக்கி எடுத்து நீட்டுகிறார்.

"போன வருசம் வந்திருந்தா குடுத்திருக்க மாட்டேனுங்க. வாயில வைக்க முடியாது, அவ்வளவு உப்பு."

மேலே சரிவில் ஓர் உப்பூற்று இருக்கிறது. அது ஓடையில் கலந்து, கோடையில் சாந்தியின் ஊரான கீழூரின் கேரட்டைக் கருக்கிவிடுமாம். ஊற்றை ஓடையிலிருந்து பிரித்துவிடலாம் என்று கீழூர்க்காரர்கள் கேட்டபோது மேலூர்க்காரர்கள் மறுத்திருக்கிறார்கள். அவர்களுடைய எருமைகள் விரும்பிக் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

"அப்புறம் எப்படிச் சம்மதிச்சாங்க?"

"மொதல்ல மூஞ்சி குடுத்தே பேசலைங்க. ஊத்து உங்களுதே, ஓடையில மட்டும் கலக்க வேண்டாம்னு கேட்டோம். குழாய் போட்டு, எருமைங்களுக்கு அவங்க பக்கமே தொட்டி கட்டிக் குடுத்தோமுங்க. ஊத்து போனதுல ஓடையில தண்ணி கொறஞ்சு போச்சு. அதைப் பாத்துட்டு, அவங்க தோட்டத்துக்கு மறிக்கிற தண்ணியை வாரத்துல ஒரு நாள் எங்களுக்கு விட்டுட்டாங்க. இன்னிக்கு அந்த நாளுங்க."

மேலே தொட்டியருகே இரண்டு எருமைகள் நிற்பது தெரிகிறது. குளிர்ந்த நீரை மடமடவென்று குடிக்கிறேன். சாந்தி என் முகத்தையே பார்க்கிறார்.

"எப்படிங்க இருக்குது?"

"ஒரு ருசியும் தெரியலையே!"

ஓஸைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரிக்கிறார்.

"அதுக்குத்தானுங்க இத்தனை பாடுபட்டோம்."