சவிரிமுத்தர் வீட்டுக்கு வழி

பேய், முனி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப்போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வருகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். நான் சொல்லப்போவதில் பேயும் இல்லை, செத்தவர் எழும்பி வந்த கதையும் இல்லை, நடந்ததோ நல்ல பட்டப்பகலில். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது, என் மனைவியே பாதிதான் நம்புகிறாள், மற்றப் பாதிக்கு என் தலையில் வெயில் பட்டுவிட்டது என்று ஒரு விளக்கம் வைத்திருக்கிறாள்.

ஐம்பதுகளின் கடைசிப் பக்கம். சாவகச்சேரியில் ஒரு சைக்கிள் கடையில் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணம் இல்லை, காணி பூமி இல்லை, ஆனால் கால் மட்டும் ஓரிடத்தில் தரிக்காது. லீவு கிடைத்தால் துணிப்பையில் மாற்றி உடுக்க ஒரு சாரத்தைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிடுவேன். ஸ்டேஷன் வாங்குப் பலகையில் படுக்கை, யாருடைய கிணற்றிலாவது குளிப்பு, கடை வணிசும் பால் விடாத பிளேன்ரீயும் சாப்பாடு, பகல் முழுக்க நடந்து ஊர் பார்க்கிறது. இதில் எனக்கு இருந்த ஒரே கரைச்சல் என்னவென்றால், எங்கள் சனத்துக்கு ஒரு மனிதன் சும்மா ஊர் பார்க்க வருவான் என்பது விளங்கவே விளங்காது. புதுமுகத்தைக் கண்டால் முதல் கேள்வி யார் வீட்டுக்கு என்பதுதான், "ஆற்றை வீட்டை போறீர்?" சும்மா வந்தேன் என்றால் ஒன்றில் கள்ளன், இல்லாவிட்டால் பெண் பார்க்க வந்தவன், அதுவும் இல்லாவிட்டால் பொலிசுக்குத் துப்புக் கொடுக்கிறவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஊருக்குப் பொருத்தமாக ஒரு பெயரைச் சொல்லி, இன்னார் வீட்டுக்குப் போகிறேன் என்றுவிடுவேன். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். பொய்யில் தடக்குப்படாமல் இருக்க அந்த ஆளைக் கண்ணுக்குள் ஒருக்கால் நிறுத்திக்கொள்வேன், அவ்வளவுதான்.

அந்த முறை மாங்குளத்தில் இறங்கி, காட்டு வழியே குலுங்கிப் போகிற பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் போனேன். என்ன வெயில் என்கிறீர்கள்! கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் ஒரு துளி காற்றில்லை. மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. பழைய அரசாங்கக் கச்சேரி, கோயில், மாதா கோவில், கடைத்தெரு எல்லாம் வெளிச்சத்தில் வெளிறிப்போய்க் கிடந்தன. பஸ் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக்கடை. கடைக்காரர் கொஞ்சம் தடித்த மனிதர், கழுத்தில் சிலுவை, பிளேன்ரீயை ஆற்றிக்கொண்டே எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார். வேதக்காரக் கிறிஸ்தவர்கள் அதிகம் உள்ள ஊர்தானே என்று, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சவிரிமுத்தர் வீட்டை அண்ணை."

"எந்தச் சவிரிமுத்தர்?" என்று கேட்டுவிட்டு என் நெற்றியைப் பார்த்தார். காலையில் நல்லாய்த் திருநீறு பூசியிருந்தேன். "நீர் சைவம் போலை கிடக்கு. வேதக்காரன் வீட்டிலை உமக்கென்ன சொந்தம்?"

"சொந்தமில்லை, அப்பற்றை சிநேகிதர். முந்திக் கருவாட்டு யாவாரம் செய்தவர்."

"எனக்குத் தெரியாமல் இஞ்சை ஒரு சவிரிமுத்தரோ? அப்பிடி ஒருத்தரும் இல்லைத் தம்பி. நான் இந்த ஊரிலை பிறந்து வளந்தவன்."

அது என்னவோ, இல்லையென்றதும் எனக்கு ஒரு வீம்பு. உப்புநீர்க் களப்புப் பக்கம் வீடு, நீலம் அடித்த யன்னல், மகளோடு இருக்கிறார், எண்பது தாண்டிய மனிதர், இப்போது சுகமில்லாமல் படுக்கை, அதுதான் பார்க்க வந்தேன் என்று அடுக்கினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். கண்ணுக்குள் நான் நிறுத்திய ஆள் மெலிந்தவர், இடது கையில் சுண்டுவிரல் இல்லாதவர். அந்த விரல் கதையை மட்டும் நான் சொல்லவில்லை. நீங்கள் எதை மறந்தாலும் இதை ஞாபகம் வையுங்கள், விரலைப் பற்றி நான் எவரிடமும் வாய் திறக்கவில்லை.

பிறகு நடந்தேன். வெயில் ஏற ஏறச் சனம் குறைந்தது. உச்சி வந்தபோது தெருவில் நான் மட்டும்தான், என் நிழல்கூடக் காலுக்கடியில் போய் ஒளித்துவிட்டது. காகம் கத்தவில்லை, நாய் குரைக்கவில்லை, வீடுகளுக்குள் சட்டி பானைச் சத்தம்கூட இல்லை. களப்புக்குப் போகிற ஒடுங்கிய ஒழுங்கையில் பூவரசுக்குக் கீழே ஒருவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "சவிரிமுத்தர் வீடுதானே? நேரை போம். நீல யன்னல்," என்றார்.

நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

தேத்தண்ணிக்கடைக் கதை எனக்கு முன்னே நடந்து வந்துவிட்டது என்று நினைத்தேன், சின்ன ஊரில் அது புதுமையில்லை. பகிடி விடுகிறார்கள், பார்ப்போம் என்றுதான் போனேன். ஒழுங்கை முடிகிற இடத்தில் கிடுகு வேலி, வேலிக்கு மேலாக நீல யன்னல். பழைய நீலம், வெடித்து உரிந்த நீலம். பகிடிக்கு அடித்த பூச்சு அல்ல. படலையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு நின்றா.

"வந்திட்டியளே தம்பி! காலமை தொடக்கம் ஐயா ஒரே கதைதான், யாழ்ப்பாணத்தாலை சிநேகிதற்றை மோன் வாறார், யாழ்ப்பாணத்தாலை வாறார் எண்டு. ஞானம்மா, படலையைத் திறந்து விடு எண்டு என்னை இருக்க விடேல்லை."

வேறு யாரையோ எதிர்பார்க்கிறார்கள், ஆள் மாறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டா. அந்த வெயிலில் அவாவின் கை குளிர்ந்து இருந்தது, கிணற்றடியில் நின்று வந்திருப்பா என்று வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் பழைய கருவாட்டு மணம். கட்டிலில் ஒரு கிழவர். நெஞ்சின் மேல் இடது கை, அந்தக் கையில் நாலு விரல்.

திரும்ப எண்ணினேன். சுண்டுவிரல்தான் இல்லை.

"நேற்றுச் சாமியார் வந்து அவஸ்தை பூசிப்போட்டார்," என்று ஞானம்மா மெல்லச் சொன்னா. வேதக்காரரில் சாகக் கிடக்கிறவர்களுக்குத்தான் பாதிரியார் அந்த எண்ணெய் பூசுவார் என்பது எனக்கும் தெரியும். "எனக்கு இவரை விட்டால் ஒருத்தரும் இல்லைத் தம்பி. அண்ணன் தம்பி இல்லை, கலியாணமும் ஒப்பேறேல்லை. இவர் போனால் இந்த வளவிலை நான் தனிய."

கிழவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஆர் எவர் என்று மனிதர் என் முகத்தில் தேடவில்லை. தெரிந்தவரைப் பார்க்கிற பார்வை.

"இரும் மோனே. உம்மடை வாயிலை வாறதெல்லாம் நடக்குது. வீடெண்டீர், வீடு. யன்னலெண்டீர், யன்னல். வருத்தமெண்டீர், படுத்திட்டன்." மூச்சு வாங்கினார். "இனி என்னெண்டு சொல்லும். நான் போகவோ, இருக்கவோ?"

"இருக்கச் சொல்லுங்கோ தம்பி," என்று ஞானம்மா என் தோளைப் பிடித்தா. "கெஞ்சிக் கேக்கிறன்."

கிழவர் அவாவைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதை விரும்பினார் என்று அந்த முகத்தில் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வெளியே ஓடினால் போதும் என்றிருந்தது. படுக்கையில் கிடக்கிற வருத்தக்காரரைப் பார்க்கப் போனால் எங்கள் சனம் எழும்புகிற நேரம் என்ன சொல்லும்? குழந்தைக்கும் அதுதான், கிழவருக்கும் அதுதான். எத்தனை வீட்டில் சொன்னேனோ, அந்த வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ ஐயா. உங்களுக்கு ஒண்டும் வராது."

கிழவர் அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு மெல்லுவது போல இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "ஒண்டும் வராது... ஒண்டும் வராதோ." பிறகு, "அப்ப சரி," என்று பெருமூச்சு விட்டுவிட்டுக் கையை ஊன்றி எழும்பி இருந்து, "பிள்ளை, கஞ்சி கிடக்கோ?" என்றார். ஞானம்மா ஒரு சத்தம் போட்டா. அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். நான் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒழுங்கையாலே ஓடி வந்தேன். வலை பொத்தியவரைக் காணவில்லை.

தேத்தண்ணிக்கடையில் வந்து விழுந்ததும் கடைக்காரர் ஒரு செம்பு தண்ணீரை நீட்டிக்கொண்டே, "எப்பிடித் தம்பி மனிசன்? கண் முழிச்சவரோ?" என்றார்.

"ஆர்?"

"ஆரோ! சவிரிமுத்தர். என்ரை ஞானத்தகப்பன். என்னைத் தூக்கி ஞானஸ்நானத்துக்குக் குடுத்ததே அந்தாள்தானே."

"அண்ணை, காலமை அப்பிடி ஒருத்தரும் இல்லையெண்டியள்."

"ஆர், நானோ?" அவர் கடையில் இருந்த மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "தம்பிக்கு வெயில் பிடிச்சிட்டுது. தலைக்குத் தண்ணி வாரும்."

அவர் பகிடி விடவில்லை. அந்தக் கண்ணில் கள்ளம் இல்லை. அன்றைக்குப் பின்னேரப் பஸ்ஸில் கிளம்பியவன்தான், அதற்குப் பிறகு எந்த ஊரில் யார் கேட்டாலும், சும்மா வந்தனான் என்று சொல்லிப் பேச்சு வாங்கிக்கொள்வேன்.

வருடங்கள் ஓடின. கல்யாணம் செய்து, கடையையும் சொந்தமாக எடுத்துவிட்டேன். அறுபதுகள் முடிகிற சமயம், முல்லைத்தீவுப் பக்கம் நாயாற்றிலிருந்து கருவாடு கொண்டுவருகிற ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தார். காற்றடித்து முடிந்தது, ஆள் போகவில்லை.

"உங்களிட்டை ஒண்டு சொல்லச் சொன்னவர், முல்லைத்தீவிலை ஒரு கிழவர். மோள் ஞானம்மா போன மாரியிலை செத்துப்போட்டா. அவற்றை ஞானப்பிள்ளை, அந்தத் தேத்தண்ணிக்கடைக்காரர், அவரும் செத்துப்போட்டார். எல்லாரையும் தானே சவக்காலையிலை தாட்டுப்போட்டு இருக்கிறார், தனக்கு மட்டும் ஒண்டும் வருகுதில்லையாம். சாவகச்சேரிச் சைக்கிள் கடைத் தம்பியை ஒருக்கால் வந்து, சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கச் சொல்லு எண்டார். என்ன சொல் அண்ணை அது?"

தெரியாது என்றேன். என் ஊரையோ தொழிலையோ அந்த ஊரில் எவரிடமும் நான் சொன்னதே இல்லை.

நான் போகவில்லை. போய் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும், ஒரு மனிதருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என் வாய் வராது. சொல்லாமல் விட்டால் அந்த வளவில் அவர் தனியே இருக்கிறார், அதுவும் நித்திரை கொள்ளவிடாது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் மீன்பிடி எப்படி என்று கேட்பேன், மழையைக் கேட்பேன், அவரைப் பற்றி மட்டும் கேட்கமாட்டேன். ஆனாலும் ஒவ்வொருவரும் சைக்கிளில் ஏறிய பிறகு, மறந்துபோனது ஞாபகம் வந்தது போலத் திரும்பி ஒரே கதையைத்தான் சொல்லிப்போட்டுப் போகிறார்கள்.

"சவிரிமுத்தர் சுகமா இருக்கிறாராம். உங்களிட்டைச் சொல்லச் சொன்னவர்."