கூட்டித் துடைத்த கம்ப்யூட்டர்

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்ததில் எங்கள் எஸ்டேட் ஃபாக்டரியை மூடிவிட்டார்கள். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டாள். அவள் கம்பெனியில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் வேண்டுமாம். மாசக் கடைசிக்குள் ஒரு புரோகிராம் எழுதி சர்ட்டிபிகேட் வாங்கினால் வேலை எனக்கு. மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் எஸ்டேட் லைன் வீட்டில் நானும் மழையும்தான்.

ஒரு சிக்கல். காட்டேரி ஊர் வளைவில் ஸ்கூட்டர் சரிந்து தலையில் அடிபட்டதிலிருந்து, காலையில் தெரிந்தது மாலையில் தெரியாது. குன்னூரில் கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்ந்த முதல் வாரமே, மாடி மாறி, தையல் கிளாஸில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். மாலையில் நான் எழுதியதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். மறுநாள் பார்த்தால் கம்ப்யூட்டரில் ஒன்றும் இருக்காது.

"ஏனுங்கண்ணா, நேத்து எழுதுனது எங்கீங்க?"

"நேத்து எழுதுனேனுங்களா?"

"நாந்தானுங்க பாத்தேன். நல்லா ஓடுச்சே."

"அப்ப நீங்களே ஞாபகம் வெச்சுக்கங்க. ரெண்டு பேரும் வெச்சு என்ன பண்றது?"

சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அதே ஜோக்கை அடுப்பிடம் சொன்னேன். அது ஏற்கெனவே அணைந்திருந்தது.

மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது, நான் கிளம்பும்வரை அந்தப் பெண் பின்னால் நின்று பார்த்தார். ஐந்து மணி ஆனதும் கீபோர்டைத் துடைத்துவிட்டு, எழுதியதை அழிக்கப் போனேன். மவுஸைப் பிடுங்கிக்கொண்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஷிப்ட் முடிஞ்சா கூட்டி உடோணுமுங்களே. பழைய இலை தங்குனா நாளைக்கு வர்ற இலையும் புளிச்சுப் போயிருமுங்க."

இருபது வருஷம் இலை உருட்டும் ரோலர் மெஷினில் நின்றவன். மற்றதெல்லாம் மறந்த தலை, கூட்டுவதை மட்டும் விடவில்லை.

"இது புளிக்காதுங்கண்ணா. மொதல் வரியில உங்களுக்கே ஒரு குறிப்பு எழுதி வெச்சுட்டுப் போங்க."

மறுநாள் திறந்தேன். முன்பின் பார்த்திராத புரோகிராம். அதன் தலையில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: இது நீ எழுதினதுதான், அழிக்காதே, மிச்சத்தை எழுது.

அந்த மாசம் எனக்கு வந்த ஒரே கடிதம். இரண்டு தடவை படித்துவிட்டு மிச்சத்தை எழுதினேன்.

சர்ட்டிபிகேட் கைக்கு வந்ததும் டெலிபோன் பூத்திலிருந்து மனைவியைக் கூப்பிட்டேன்.

"புரோகிராம் ஓடிருச்சு. சர்ட்டிபிகேட் வாங்கிட்டேன்."

"என்ன புரோகிராமுங்க?"

"பாத்துச் சொல்றேன்."

"அது கெடக்குது. எந்த ஊருக்கு வரோணும்னு கையில எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். அடுத்த ஷிப்ட் என்று யாரும் வரப்போவதில்லை எனத் தெரிந்தும் லைன் வீட்டை மூலைவரை கூட்டினேன். குப்பையோடு சர்ட்டிபிகேட் போகவில்லையே என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டேன்.