எண்ணெய் படாத கழுத்து

அன்று காலை ரப்பர் மர வரிசையில் அப்பாவோடு அம்மா இருந்தார், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ராமையா மாமா இருந்தார். நான் இல்லை. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, போர்டிக்சனில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

1993. எங்கள் லிங்கி தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள். மரம் சீவிக்கொண்டிருந்த அப்பாவின் வலது கையிலிருந்து உளி நழுவியது. வாய் கோணியது. பேச்சு குழறியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அதனாலேயே யாரும் பயப்படவில்லை.

மாலையில் நான் வந்தபோது மாமா எண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் சுளுக்கு எடுப்பவர் அவர்தான்.

"ரப்பர் பால் வாளி சுமந்த தோளு தம்பி. கழுத்துல நரம்பு பிசகிருச்சு. அமுக்கி ஒரு திருப்பு திருப்பினா சரியாயிரும் லா."

"தலைய கழட்டிராத மாப்ள" என்று அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அந்த வாய் கோணியதைப் பார்த்தவர். கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "ஆத்தா, எனக்கு ஒண்ணும் தெரியல. நீதான் வழி காட்டணும்." அழுதார். படித்த எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. நானும் கும்பிட்டேன்.

கோயிலில் மேளம் கேட்டது. அப்பா எழுந்தார். "வருசா வருசம் கட்டுறது, இப்ப விடுவனா?" என்று போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார். கட்டினால் திருவிழா முடியும்வரை உடம்பில் எண்ணெய் படக்கூடாது. மாமா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"இனிமே நான் தொட மாட்டேன் லா."

"அப்ப டாக்டர்கிட்ட போவோம்பா" என்றேன்.

மறுநாள் சிரம்பான் பெரியாஸ்பத்திரி. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்ட டாக்டர், உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். அங்கே கழுத்தில் ஜில்லென்று எதையோ தடவியதும் அப்பா பதறினார். "ஐயோ, காப்பு கட்டிருக்கேன்! எண்ணெயாம்மா?"

"எண்ணெய் இல்லீங்கையா, தொடச்சா போயிரும்" என்றார் ஸ்கேன் எடுத்த பெண்.

திரையில் தெரிந்தது. மூளைக்கு ரத்தம் போகும் குழாய், கொழுப்பு அடைத்து நூலாய்ச் சுருங்கியிருந்தது.

"கழுத்த அமுக்கித் திருப்பியிருந்தா, இந்தக் கொழுப்பு உடைஞ்சு மூளைக்குப் போயிருக்கலாம்" என்றார் டாக்டர். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அறுவை செய்து அடைப்பை எடுத்தார்கள். அப்பா சுருட்டுப் பிடிப்பதை விட்டார். அதே கையால் மறுபடி உளி பிடித்தார். மாமாவும், கழுத்துவலி என்று யார் வந்தாலும், "கை மரத்துச்சா? வாய் கோணுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணெயைத் தொடுவார்.

அன்பர்களே, வந்தது தானாகப் போய்விட்டதே என்று இருந்துவிடாதீர்கள். அம்மனிடம் மனமுருகிக் கேளுங்கள். அவள் ஒரு கையைத் தடுத்தால், இன்னொரு வாசலைத் திறந்திருப்பாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்றாம் வகுப்பு வார்டு, பஸ், அம்மனுக்கு எடுத்த பால்குடம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன மொத்தச் செலவு தொண்ணூற்றிரண்டு வெள்ளிதான்.