ஆசாரி போட்ட கைப்பிடி

முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். திருகாணி என்பது உருளையில் சுற்றிய சாய்தளம் என்று கரும்பலகையில் படம் போட்டு எத்தனையோ பிள்ளைகளைக் கொட்டாவி விட வைத்திருக்கிறேன். அந்தச் சாய்தளத்தை வீட்டில் நான் சுத்தியலால் அடித்துத்தான் இறக்குவேன். முக்கால்வாசி அடி, கடைசியில் பேருக்கு இரண்டு சுற்று. பார்க்கிறவர்களுக்கு முறுக்கியது மாதிரியே இருக்கும்.

மனைவிக்கு முட்டி ஆபரேஷன் என்று முடிவானதும், குளியலறை வாசலில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும் என்றார் டாக்டர். ஆசாரியைக் கூப்பிடுவோம் என்றாள் அவள். நாலு ஸ்க்ரூவுக்கு ஆசாரி எதற்கு என்றேன் நான். கோட்டாறில் போய் ஒரு ஸ்டீல் கைப்பிடி வாங்கிவந்து, கதவு நிலையில் பத்தே நிமிடத்தில் அடித்து முடித்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் அவள் அதைப் பிடித்து ஒத்திகை பார்த்தாள். நாலு ஸ்க்ரூவும் மரத்தூளோடு கழன்று வந்தன. வாஷிங் மெஷின் மேல் சாய்ந்ததால் கீழே விழாமல் தப்பித்தாள். கைப்பிடி மட்டும் அவள் கையிலேயே இருந்தது. அதை என்னிடம் நீட்டினாள்.

"நல்ல காலம், இப்பமே வந்துச்சு. ஆபரேஷன் முடிஞ்சு வந்த பிறவு வந்திருந்தா? இனி நீங்க ஒண்ணும் செய்யாண்டாம், கேட்டியளா."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் குரலில் பயம் இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது எனக்கு.

மறுநாள் நாகர்கோவிலில் சேர்த்தோம். துணைக்கு அவள் தங்கை இருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையை வைத்துவிடுவேனோ என்று பயந்திருக்கலாம். இரணியலில் எங்களுக்கு வழக்கமாக வேலை செய்கிற ஆசாரிக்குப் போன் போட்டேன். அவர் திருவனந்தபுரத்தில் ஒரு ஃப்ளாட் வேலையில் இருந்தார், வருவதற்குப் பத்து நாள் ஆகும் என்றார். அவளையோ வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

கைப்பிடியைக் கொஞ்சம் தள்ளி மாட்டலாம் என்றால், மேலேயும் கீழேயும் டவல் கொக்கி மாட்டப் பார்த்த என் பழைய ஓட்டைகள். இருக்கிற துளைகளைத்தான் சரி செய்தாக வேண்டும். தென்னந்துடைப்பத்தில், அதாவது எங்கள் ஊர் வாரியலில், இருந்து ஈர்க்கில்களை ஒடித்து, பசையில் முக்கி, துளைக்குள் திணித்தேன். அரைமணி நேரம் கழித்து முறுக்கிப் பார்த்தால் ஸ்க்ரூ, ஈர்க்கில், பசை மூன்றும் கூட்டாகச் சுற்றின. வாரியல் பாதியானதுதான் மிச்சம். மறுபடியும் ஆசாரிக்குப் போன்.

"சாரே, ஈர்க்கில் வழுவழுன்னுல்லா இருக்கும், பசை எங்ஙன பிடிக்கும்? துளைய நல்லா பெருசாக்குங்க. காஞ்ச தேக்குல துளை அளவுக்கு ஆப்பு மாதிரி முளை செதுக்கி, பசை தடவி அடிச்சு இறக்குங்க. ஒரு நாள் அதுக்க பக்கமே போவாண்டாம். பின்ன சின்னதா ட்ரில் போட்டு, நீளமான ஸ்க்ரூவா பாத்து கையால முறுக்குங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "முளை இறங்கினதும் சுத்தியல அடுத்த வீட்டுல குடுத்திருங்க."

தேக்குக்குப் பஞ்சமில்லை. நான் பழுதுபார்த்த நாற்காலி ஒன்று பரணில் கிடந்தது. அதன் காலில் இருந்து நாலு முளை செதுக்குவதற்குள் ஒன்பதைக் கெடுத்தேன். பசை காயும்வரை காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்ப் போய்ப் பார்த்தேன், ஆனால் தொடவில்லை. மறுநாள் ஸ்க்ரூவை முறுக்கினேன். கடைசி இரண்டு சுற்றுக்கு மரம் விட்டுக்கொடுக்கவே இல்லை, மணிக்கட்டு வலித்தது. இத்தனை வருடம் பாடம் நடத்தியும் அந்த வலியை நான் அறிந்ததில்லை.

பிறகு என் எண்பத்தைந்து கிலோவையும் அதில் தொங்கவிட்டேன். அது கழன்று வந்திருந்தால் வீட்டில் ஆபரேஷன் முட்டி இரண்டாகியிருக்கும். வரவில்லை. கீழே தூள்கூட உதிரவில்லை. தனியாக நின்று சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை வாக்கரைத் தள்ளிக்கொண்டு குளியலறை வாசல்வரை வந்தாள் அவள். ஒரு கையை எடுத்துக் கைப்பிடிக்கு நேராக நீட்டினாள். தொடவில்லை.

"இது ஆரு மாட்டுனது?"

நாலு நாளாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முளை, பசை, தேக்கு எல்லாம் வரிசையாகச் சொல்வதற்குத் தயாராக இருந்தேன். ஆனால் அவள் நீட்டிய கையைப் பாதி பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வாக்கரை அழுத்திய மற்றொரு கையில் நரம்பு புடைத்திருந்தது.

"ஆசாரி," என்றேன்.

"அப்பம் சரி," என்று இறுகப் பிடித்துக்கொண்டு, முழுப்பாரத்தையும் அதில் போட்டு உள்ளே போனாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவருக்கு நல்ல கை. பாத்தியளா, அசையவே இல்ல. அடுக்களை அலமாரிக் கதவையும் அவரே செய்யட்டும். நீங்க தொடாண்டாம்."

"செரி," என்றேன்.

இப்போது தினமும் காலையில் அவள் அதைப் பிடித்து உள்ளே போவதை வெளியே நின்று கேட்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது. அறுபத்திரண்டு வயதுவரை நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒரு வேலைதான். நான் செய்தேன் என்று சொன்னால், அவள் அன்றைக்கே பிடியை விட்டுவிடுவாள்.