பழத்துக்குத் தடை, புகைக்கு அனுமதி

நேற்றுகூட ஒருவர் ரஸ்க் பாக்கெட்டோடு வந்து மாமாவைப் பார்த்துவிட்டுப் போனார்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. வாழ்நாளெல்லாம் கல் குவாரியில் வேலை பார்த்தவர். சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனாலும் அந்தத் தூசியில் நுரையீரல் கெட்டுவிட்டது. முழுதாகக் குணமாகாது, இன்ஹேலரை விடவே கூடாது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொட்டலம், வாயில் ஒரு தடை! ரஸ்க் கொடுத்தவர் வாழைப்பழத்தைத் தடை செய்தார். கிரீம் பிஸ்கட் கொடுத்தவர் தயிரை. பன் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா கீரையை. எல்லாம் குளிர்ச்சியாம்... சளி கட்டுமாம்.

நான் என்ன செய்தேன்? படித்தவள்தான். ஆனால் மருமகள் ஆயிற்றே! எதையாவது கொடுத்து அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டால் பழி யார் தலையில்? என் மகளுக்கு 'உடம்புக்கு நல்லது' என்று கெஞ்சி ஊட்டும் அதே கீரையை, மாமாவுக்கு 'ஆகாது' என்று மூடி வைத்தேன்.

"இன்னாம்மா, இன்னிக்கும் ரஸ்க்கா? நான் இன்னா டீக்கடையிலயா குந்திகினு கீறேன்?" என்பார் மாமா.

செங்கல்பட்டில் செக்கப்புக்குப் போனபோது, எடை பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"ஏம்மா இவ்ளோ இளைச்சிட்டார்? மூச்சு இழுக்கவும் உடம்புல சதை வேணும். என்ன சாப்பிடறார்?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார்.

குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கு நார்ச்சத்துதான் தீனி. கீரை, பயறு, பழம்... இவற்றிலிருந்து அவை உண்டாக்கும் சில பொருள்கள் நுரையீரலின் அழற்சியைக்கூடத் தணிக்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம்.

"தணிக்கலாம்னுதான் சொல்றேன், இன்னும் உறுதியாகலை. கீரை சாப்பிட்டா இன்ஹேலர் வேணாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா அவருக்கு ஒத்துக்கிற சாப்பாட்டை எதுக்கு நிறுத்தினீங்க?"

எதுக்கு? வந்தவர்கள் சொன்னார்கள். அவ்வளவுதான். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது — அவர்கள் மீதும், என் மீதும்.

மறுநாள் காலை வாசலில் உட்கார்ந்திருந்த மாமாவுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன். பன் அக்கா மதில் வழியே எட்டிப் பார்த்தார்.

"இன்னா பொண்ணு நீ? மூச்சு வுட முடியாத மனுஷனுக்குப் பழத்தக் குடுத்துகினு கீற?"

அவர் முதுகுக்குப் பின்னால் குப்பை எரிந்துகொண்டிருந்தது. பால் கவர், பழைய செருப்பு, தெர்மாகோல்... தினமும் காலையில் அவர் கொளுத்துவதுதான். புகை நேராக எங்கள் வீட்டுக்கு. அக்கம்பக்கத்துச் சண்டை எதற்கு என்று இத்தனை நாள் ஜன்னலைத்தான் சாத்தினேன். ஒரு வாழைப்பழத்துக்கு இத்தனை காவலர்கள்... இந்தப் புகைக்கு ஒருவர்கூட இல்லையா?

"பழத்தை நான் பாத்துக்கறேன்க்கா. நீங்க முதல்ல அந்த நெருப்பை அணைங்க."

"ஐய, அது வெறும் குப்ப. பொக கடல் பக்கம் பூடும்."

"கடல் எங்க வீட்டுக்குள்ளயா இருக்கு?"

மாமா இருமி முடித்து, அக்காவைப் பார்த்தார்.

"அணைச்சிடும்மா. பழம் நல்லாத்தான் கீது. பொகதான் ஒத்துக்கல."

அக்கா ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினார். கோபமாகத்தான் கொட்டினார்.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை; குப்பையும் கொளுத்துவதில்லை. மாமா ஜன்னலைத் திறந்துவைத்துச் சாப்பிடுகிறார்.

சமாதானம் பேச எனக்கு ஒன்றும் அவசரமில்லை!